தாயை இழந்த, அடிபட்ட காட்டு விலங்குகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட நீலகிரியில் எங்கே போகலாம்?

பின்னலூர்க்காரி (திருப்பூர்)

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளோடு நீலகிரி வரலாம் என்று இருக்கிறோம். பெரியவன் ஏழாவது, சின்னவள் இரண்டாவது. படகு இல்லம், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, வர்க்கி, சாக்லேட் எல்லாம் போன தடவையே ஆயிற்று. இந்தத் தடவை பெரியவன் ஒரே பிடியாக நிற்கிறான். அடிபட்ட, தாயைத் தொலைத்த காட்டு விலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் போக வேண்டுமாம். கென்யாவில் யானைக்குட்டிகளுக்குப் புட்டியில் பால் கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. மிருகக்காட்சிசாலை என்றால் வரவே மாட்டேன் என்கிறான்.

இணையத்தில் தேடினால் ரிசார்ட் விளம்பரம்தான் வந்து விழுகிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள். குட்டிகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா? வாழைப்பழம் கொடுக்க விடுவார்களா?

கூடலூர்_மழை

அக்கா, நீங்கள் கேட்பதற்கு நெருக்கமாக இங்கே இருப்பது தெப்பக்காடு யானைகள் முகாம்தான். முதுமலைக்குள், மாயாற்றங்கரையில், மைசூர் சாலையிலிருந்து மசினகுடிக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது. காலை எட்டரையை ஒட்டியும் மாலை ஐந்தரையை ஒட்டியும் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் பார்க்க விடுவார்கள். வரவேற்பு மையத்தில் டிக்கெட் வாங்க வேண்டும். ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் வந்த பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்த ரகுவும் பொம்மியும் இந்த முகாமின் யானைகள்தான்.

தொடவும் முடியாது, ஊட்டவும் முடியாது. அதைப் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வழி: ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகக் கிட்டம்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூரைச் சுற்றி வாருங்கள், அறுபத்தேழு கிலோமீட்டர் வரும். திரும்பும்போது மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறலாம். இ-பாஸ் மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள். தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வேண்டாம்; சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள்.

கருங்குருவி (கோவை)

தெப்பக்காட்டை மீட்பு மையம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போவது சரியா என்று தெரியவில்லை. மரம் இழுப்பதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய முகாம் அது. அங்கே நிற்கும் யானைகளில் பல அடிபட்டதும் இல்லை, அனாதையும் இல்லை. விஜய், சுஜய் என்ற இரட்டையர்கள் முகாமிலேயே பிறந்தவர்கள். பாக்கியில் சில, ஊருக்குள் வந்ததற்காகப் பிடித்து மரக்கூண்டில் அடைத்துப் பழக்கப்பட்டவை. காலில் சங்கிலியோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் "இதுதான் மீட்பா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

படம் வந்த பிறகு கூட்டம் தாங்கவில்லை. பிரதமர் வந்தார், குடியரசுத் தலைவர் வந்தார், அவர்கள் பின்னால் செல்பி எடுக்க ஊரே வந்தது.

பழைய_வாட்சர்

குருவி தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், அந்தக் காட்டில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

மரம் இழுத்தது உண்மை. இப்போது மரம் இழுப்பது இல்லை. முகாம் யானைகளுக்கு இன்று மூன்று வேலை: மழைக்காலத்தில் ஜீப் போகாத இடத்துக்கு ரோந்து, ஊருக்குள் வரும் காட்டு யானையைத் திருப்புவது, அடிபட்ட விலங்கைத் தேடிப் போகும்போது டாக்டரைச் சுமப்பது. 2021இல் டி23 புலியை மசினகுடிப் பக்கம் மூன்று வாரம் தேடினார்களே, அப்போதும் கும்கிகள்தான் புதருக்குள் போயின.

சங்கிலி பற்றி. சாப்பாட்டு நேரத்தில் கட்டி வைத்திருப்பதை மட்டும்தான் டூரிஸ்ட் பார்க்கிறான். பொழுது சாய்ந்ததும் பல யானைகளைக் காட்டில் மேய விட்டுவிடுவார்கள், சங்கிலி இழுபடும் தடத்தை வைத்துப் பாகனான மாவுத்தனும் அவருக்கு உதவியாளான காவடியும் விடிகாலையில் தேடிப் பிடித்து ஆற்றுக்குக் கொண்டுவருவார்கள். இந்த முகாமின் பெட்டைகள் காட்டுக் கொம்பனோடு சேர்ந்து குட்டி போட்டிருக்கின்றன. கோயில் வாசலில் கட்டிப்போட்ட யானைக்கு இது நடக்குமா? வித்தியாசம் பெரியது.

திருப்பூர் அம்மாவுக்கு: சமையல் கொட்டகையை அவசியம் பாருங்கள். ராகி, அரிசி, கொள்ளு தனித்தனியாக வேகவைத்துக் கட்டியாக்கி, வெல்லம், உப்பு, தாது உப்பு, தேங்காய் சேர்த்து உருட்டி வாயில் வைப்பார்கள். ஒவ்வொரு யானைக்கும் எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கும். வயசு, எடை, சினை, வயிற்றுக் கோளாறு பார்த்து டாக்டர் அதை மாற்றிக்கொண்டே இருப்பார். உங்கள் ஏழாவதுக்காரன் அந்தப் பலகையைப் படித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கூடலூர்_மழை

குருவி, ஊருக்குள் வந்ததற்காகப் பிடித்தார்கள் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த ஊரில்தான் நாங்கள் இருக்கிறோம்.

மூர்த்தி என்ற மக்னாவின், அதாவது தந்தமில்லாத ஆண் யானையின், கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேரளத்திலும் இங்கேயுமாக இருபது பேருக்கு மேல் கொன்றது. கேரளத்தில் சுட உத்தரவு. 1998இல் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தபோது சுடாமல் பிடித்தார்கள். உடம்பெல்லாம் ஆறாத காயம். கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்திதான் வைத்தியம் பார்த்தார், அவர் பெயரையே யானைக்கும் வைத்தார்கள். அப்புறம் அது இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த முகாமில் யாரையும் தொடாமல் வாழ்ந்து 2024 அக்டோபரில் இறந்தது. இதை மீட்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சுட்டிருந்தால் 1998இலேயே கதை முடிந்திருக்கும்.

சங்கர் என்று ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் சேரம்பாடிப் பக்கம் மூன்று பேரைக் கொன்றது. எங்கள் ஊர் ஆட்கள் பலருக்குச் செத்தவர்களைத் தெரியும். இருட்டினால் வெளியே போக முடியாது, விடியும் முன் பால் ஊற்றப் போக முடியாது, தேயிலை பறிக்கப் போகும் பெண்களுக்கு உயிர் கையில் இல்லை. 2021 பிப்ரவரியில் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு வெடி போட்டார்கள் இங்கே. அந்த யானை இப்போது ராகிக் களி வாங்கிச் சாப்பிடுவதைப் பார்க்க டிக்கெட் வாங்கும் கூட்டத்தில் நானும் ஒருநாள் நின்றேன். கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்துத்தான் போனேன்.

கருங்குருவி (கோவை)

கூடலூர் அண்ணா, உங்கள் வலியைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பிடிப்பதுதான் எப்போதும் வழியா என்றுதான் கேட்கிறேன். ரிவால்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். துதிக்கை நுனி போன கொம்பன், மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் மனிதர்கள் கொடுப்பதைத் தின்று பழகிவிட்டது. 2021 மே மாதம் மரக்கூண்டில் அடைத்தார்கள். முகாமுக்குத்தான் போகும் என்று எல்லாரும் நினைத்தோம். ஆகஸ்டில் ரேடியோ காலர் மாட்டிக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாளே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் நடந்து வாழைத்தோட்டத்துக்கே திரும்பி வந்து நின்றது! அதற்காக மறுபடி பிடித்து அடைக்கவில்லையே. கண்காணித்துக்கொண்டு வெளியிலேயே விட்டார்கள்.

கூடலூர்_மழை

ரிவால்டோ சாது, தம்பி. வீட்டை இடித்து அரிசி தின்னும் பந்தலூர் மக்னாவை 2022 டிசம்பரில் பிடித்து இதே மாதிரி காலர் மாட்டி முதுமலைக்குள் விட்டார்கள். ஜனவரியில் சுல்தான் பத்தேரி பஸ் போகும் சாலையில் நின்று ஆளை அடித்தது. கடைசியில் கேரள வனத்துறை பிடித்து முத்தங்காவில் அடைத்தது. ஒரே மருந்து எல்லாருக்கும் சரிவராது, அவ்வளவுதான்.

ஊசிமருந்து

கால்நடை மருத்துவன், யானைக்கு வைத்தியம் பார்க்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனால் பார்ப்பவர்களோடு பழக்கம் உண்டு. திருப்பூர் அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் குட்டிகளைத் தொடவோ ஊட்டவோ விடுவதில்லை என்று பையனுக்கு விளக்க உதவும்.

தாய்ப்பால் குடிக்கும் வயதில் பிரிந்த யானைக்குட்டியைப் பிழைக்க வைப்பது மிகக் கடினம். பசும்பால் ஒத்துக்கொள்ளாது. குழந்தைகளுக்கான பால்மாவு, இளநீர், இன்னும் என்னென்னவோ கலந்து, இரவு பகல் பாராமல் சில மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். ஒரு தடவை வயிற்றுப்போக்கு வந்தால் போதும், இரண்டு நாளில் கைவிட்டுப் போய்விடும். 2023 மார்ச்சில் தர்மபுரிப் பக்கம் கிணற்றில் விழுந்த குட்டியைத் தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்து, ஆஸ்கர் வாங்கிய அதே மாதத்தில், அதே பொம்மனிடம் ஒப்படைத்தார்கள். மாதக் கடைசிக்குள் இறந்துபோயிற்று. அந்தத் தம்பதியிடம் கொடுத்தால் எந்தக் குட்டியும் பிழைத்துவிடும் என்று படம் பார்த்தவர்கள் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

நூறு பேர் கை பட்டால் தொற்று. நூறு பேர் வாழைப்பழம் கொடுத்தால் வயிறு கெடும். அதையும் தாண்டி, மனிதன் என்றால் தின்பண்டம் என்று பழகிய குட்டி பெரிதாகி மூன்று டன் எடையோடு உங்கள் காரிடம் வந்து பண்டம் கேட்கும்.

இன்னொன்று. நல்ல மீட்பு என்பது முகாமுக்கு வராமலே முடிவது. 2023 டிசம்பர் கடைசியில் வால்பாறை அருகே பன்னிமேட்டில் தாயைப் பிரிந்த குட்டியை, ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடி, தாயிடமே சேர்த்தார்கள். சில நாள் கழித்துக் குட்டி தாயின்மேல் சாய்ந்து தூங்கும் படம் வந்ததே, அது. அங்கே டிக்கெட் கொடுக்க எதுவுமே இல்லை. 2024இல் மருதமலை அடிவாரத்தில் அதே முயற்சி பலிக்கவில்லை. உடல்நலமில்லாத தாய் தேறிக் காட்டுக்குள் போய்விட்டது, குட்டியைக் கூட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் தெப்பக்காடுதான். முகாமில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு அனாதைக் குட்டியும் வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னலூர்க்காரி (திருப்பூர்)

இவ்வளவு விவரமா! எல்லாருக்கும் நன்றி. மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்கு ஒரு சந்தேகம்: பால்குடி மறந்து பெரிதான பிறகாவது காட்டில் விடலாமே, ஏன் ஆயுசு முழுக்க முகாம்? அப்புறம் புலி, சிறுத்தை எல்லாம் அடிபட்டால் எங்கே கொண்டுபோவார்கள்? அதைப் பார்க்க முடியுமா?

ஊசிமருந்து

முதல் கேள்வி: யானைக்குட்டி எதைத் தின்ன வேண்டும், வறட்சியில் எங்கே தண்ணீர், எந்த வாடை வந்தால் ஓட வேண்டும் என்பதையெல்லாம் பாட்டி, அம்மா, சித்திகளிடம் பல வருடம் கூடவே நடந்து கற்றுக்கொள்கிறது. மனிதன் வளர்த்ததற்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது. நீங்கள் சொன்ன கென்யாவில் அனாதைக் குட்டிகளைக் கூட்டமாகவே வளர்த்து, பெரிதானதும் பரந்த சவானாவில் சிறுகச் சிறுக விடுகிறார்கள். நம் ஊரில் காட்டை விட்டு இறங்கினால் அடுத்த அடி தேயிலைத் தோட்டம், அதற்கடுத்த அடி லைன் வீடு. மனிதப் பயம் இல்லாத யானை அங்கே எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது: டி23 நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி. 2021 அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தபோது உடம்பில் காயங்கள். மைசூருக்கு வெளியே கூர்கள்ளியில் இருக்கும் சாமுண்டி மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மைசூர் மிருகக்காட்சிசாலையைச் சேர்ந்ததுதான், ஆனால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மனிதனைக் கண்டால் மூர்க்கமாகும், காயம் ஆற அமைதி வேண்டும். பார்க்க விடாததுதான் அங்கே பராமரிப்பு.

ஆகவே அடிபட்ட சிறுத்தையைக் காட்டுகிறோம், குட்டியோடு படம் எடுக்கலாம் என்று எந்த இடமாவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கொடை_பேரிக்காய்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், இங்கே கொடைக்கானலில் ஒரு அவசரம். எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தினர்கள் பூம்பாறை போகும் வழியில் ஒரு கடமான் குட்டி தனியாகப் புதரில் கிடந்தது என்று காரில் தூக்கி வந்துவிட்டார்கள். பால் புகட்டப் பார்க்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். இங்கே பழனி மலையில் மீட்பு மையம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. என்ன செய்வது?

ஊசிமருந்து

பால் கொடுக்காதீர்கள், தண்ணீரும் வாயில் ஊற்றாதீர்கள். இருட்டான, சத்தமில்லாத அறையில் பெட்டியில் வையுங்கள். யாரும் தடவ வேண்டாம், மான் பயத்திலேயே செத்துவிடும். உடனே வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லுங்கள். எடுத்த இடத்தை விருந்தினர்கள் சரியாகக் காட்ட வேண்டும், அதுதான் முக்கியம்.

தாய் மான் குட்டியைப் புதரில் பதுக்கிவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல் கிடக்கும். அதுதான் அதன் பாதுகாப்பு. நம் ஆட்கள் அதை அனாதை என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம், கருணையோடு வைத்திருந்தாலும்.

பழைய_வாட்சர்

ரேஞ்சில் ஆள் வரத் தாமதமானால் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கள் அம்மா. நீங்களாகவே கொண்டுபோய் விடவும் வேண்டாம், சாலையில் வண்டிச் சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்லி மாளாது. விருந்தினரை அதட்டாதீர்கள், பயந்துபோய் இடத்தை மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

கொடை_பேரிக்காய்

நன்றி ஐயா, நன்றி டாக்டர். ரேஞ்சிலிருந்து இரண்டு பேர் வந்து குட்டியைப் பார்த்தார்கள், அடி எதுவும் இல்லை. விருந்தினரையும் கூட்டிக்கொண்டு போய் எடுத்த இடத்திலேயே சாயங்காலம் விட்டுவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தார்களாம். மறுநாள் குட்டி அங்கே இல்லை. தாய் வந்தும் இருக்கலாம், சிறுத்தையும் வந்திருக்கலாம். விருந்தினருக்கு எச்சரிக்கையோடு போயிற்று.

ஊருக்குள் காட்டு மாடுகள் ஏரிச் சாலையிலேயே நடப்பதால் இங்கே வருகிறவர்களுக்கு எல்லாமே பழகின மிருகம் என்ற நினைப்பு. 2013இல் இந்த மலையில் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. காட்டு மாட்டின் பக்கத்தில் குழந்தையை நிறுத்திப் படம் எடுத்தவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

மான்குட்டி விஷயம் முடிந்ததால் தலைப்புக்குத் திரும்புவோம். முகாமில் பணிபுரியும் பாகன்களின் கைப்பேசி எண்ணை யாரோ இங்கே பதிவிட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கருங்குருவி (கோவை)

நல்லது செய்தீர்கள். அந்த மக்கள் பற்றி ஒரு வார்த்தை. காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடும்பங்கள் தலைமுறையாக இந்த வேலையில் இருக்கின்றன. பெள்ளி அம்மாவுக்கு 2023இல்தான் காவடி வேலை கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு ஆஸ்கர் தேவைப்பட்டது. முகாமில் அவர்களைக் காட்சிப்பொருளாக்கி வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள்.

வேலை எவ்வளவு ஆபத்து என்றும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மசினி என்ற பெட்டை குட்டியாக இருக்கும்போது மீட்டு முகாமில் வளர்த்தது. சமயபுரம் கோயிலுக்குக் கொடுத்தார்கள். 2018இல் கோயிலுக்குள்ளேயே பாகனைக் கொன்றது. நீதிமன்றம் சொல்லி மறுபடி முகாமுக்கு வந்தது. 2023இல் முகாமிலும் ஒரு பாகன் அதனிடம் உயிர்விட்டார். மீட்டு வளர்த்ததைக் கூட்டமும் மணியும் மேளமும் உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கட்டியது யார் குற்றம்? யானையுடையதா?

பழைய_வாட்சர்

அந்த விஷயத்தில் நான் குருவியோடு நிற்கிறேன்.

பின்னலூர்க்காரி (திருப்பூர்)

போய் வந்தோம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

மாலை நேரத்துக்குப் போனோம். கூட்டம் அதிகம். வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள், இந்தப் பக்கம் நாங்கள். "ரகு எது, ரகு எது" என்று நாலு பக்கமும் கத்தல். ஒரு வனப் பணியாளர் பொறுமையாக எல்லாருக்கும் கையை உயர்த்திச் சத்தம் வேண்டாம் என்று காட்டிக்கொண்டே இருந்தார். சின்னவளுக்கு வாடை பிடிக்கவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டே நின்றாள். யானை வாயைத் திறந்ததும் அவள் தலையளவு உருண்டை உள்ளே போனதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டாள்.

பெரியவன் பலகையைத்தான் முதலில் தேடினான், ஐயா சொன்னது போலவே. ஒரு யானைக்குக் கொள்ளு இருந்தது, பக்கத்து யானைக்கு இல்லை. ஏன் என்று பணியாளரிடம் கேட்டு விடாப்பிடியாக நின்றான். அவர் "அதுக்கு வயிறு சரியில்ல தம்பி" என்றார். அதிலிருந்து அவன் கேள்வி நிற்கவில்லை. எவை முகாமில் பிறந்தவை, எவை பிடித்து வந்தவை, எவை அனாதை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினான். எல்லாமே அனாதைகள் என்று நினைத்து வந்தவனுக்கு, ஆளைக் கொன்ற யானையும் அதே வரிசையில் நிற்கிறது என்றதும் முகம் மாறிவிட்டது. வண்டியில் ஏறியும் அப்பாவோடு அதே வாக்குவாதம். கொன்ற யானைக்கு எதற்குச் சாப்பாடு என்று என் வீட்டுக்காரர். அதுக்குத் தெரியுமா கொலை என்று பையன். கல்லட்டி ஏறி ஊட்டி வரும்வரை ஓயவில்லை. நான் நடுவில் போகவில்லை.

குறை என்றால் இரண்டு. கழிவறை போதாது. அப்புறம், யானைகளைப் பற்றி நின்று விளக்க யாராவது ஒருவர் இருந்தால் அந்தக் கத்தல் பாதி குறையும். ஜனங்களுக்குத் தெரியாததால்தான் கத்துகிறார்கள்.

கூடலூர்_மழை

உங்கள் பையனைக் கூடலூருக்கு அனுப்புங்கள் அக்கா, பஞ்சாயத்துக்கு ஆள் தேவைப்படுகிறது.

எங்கே தங்கினீர்கள்?

பின்னலூர்க்காரி (திருப்பூர்)

கூடலூர் டவுனில்தான். மசினகுடியில் ஒரு இடத்தில் விசாரித்தேன், இரவு சவாரியில் யானை காட்டுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கருங்குருவி (கோவை)

மிகச் சரியாகச் செய்தீர்கள். இரவு சவாரி சட்டவிரோதம். சீகூர் பள்ளத்தாக்கு யானைகளின் வழித்தடம். 2018இல் அங்கிருந்த ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பையே உறுதி செய்தது. அடுத்த சில மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானையின்மேல் எரியும் டயரை வீசினார்கள். காது எரிந்தபடி ஓடிய வீடியோவை நாடே பார்த்தது. முகாமுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டது. அடிபட்ட விலங்கைப் பார்க்க வருகிற நாம், அடிபட வைக்கிற அறையில் வாடகை கொடுத்துத் தங்குவது என்ன நியாயம்? என் சண்டை முகாமோடு இருப்பதைவிட இதோடுதான் அதிகம். இதைப் பற்றிக் கூடலூர் அண்ணாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

கூடலூர்_மழை

இல்லை. ஆனால் வழித்தடத்தில் ரிசார்ட் மட்டும் இல்லை, எங்களைப் போல மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். சீல் வைக்கும்போது இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அதைத் தனி இழையில் பேசலாம், இங்கே ஆரம்பித்தால் முடியாது.

பழைய_வாட்சர்

பேசலாம். நீங்கள் தொடங்குங்கள், நான் வருகிறேன்.

திருப்பூர் அம்மா, கழுதை, குதிரை, நாய் மாதிரி வீட்டு விலங்குகளைத் தொட்டுப் பழகப் பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் அடுத்த தடவைக்கு ஒரு யோசனை. மாவனல்லாவில் இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர் என்ற அமைப்பின் புகலிடம் உண்டு. கைவிடப்பட்ட, அடிபட்ட குதிரைகள், கழுதைகள், மாடுகள். காட்டு விலங்கு இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

புதுமுகம்_ஈரோடு

இழை முழுக்கப் படித்தேன். ஜூலையில் பெங்களூரிலிருந்து மைசூர் வழியாக வருகிறோம். மழையில் முகாம் பார்க்கலாமா? இரவில் பந்திப்பூர் கடக்க முடியுமா?

கூடலூர்_மழை

பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அடைப்பு. குண்டல்பேட்டையை ஏழரைக்கு முன் தாண்டிவிடுங்கள். ஜூலையில் கூடலூரில் மழை விடாது, முதுமலைப் பக்கம் அவ்வளவு இருக்காது. முகாம் வழக்கமாகத் திறந்திருக்கும், வெள்ளம் அல்லது மண்சரிவு என்றால் மூடுவார்கள். கிளம்பும் அன்று காலை வரவேற்பு மையத்துக்குப் பேசிவிட்டு வாருங்கள். குடை வேண்டாம், மழைக்கோட்டு போதும். யானைக்கு முன்னால் குடையைப் படக்கென்று விரிக்காதீர்கள்.